சத்தம் உங்களுடையது

அமுதத்துடிப்பு மருத்துவமனையில் ஒருவர் பிழைத்துவிட்டார் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது. மேடையேற்றி அறிவிக்க வேண்டும். அதுவரை நிர்வாகம் அவரைப் பிழைத்தவராக ஏற்றுக்கொள்வதில்லை.

விருதுநகருக்கு வெளியே, நான்குவழிச் சாலையை ஒட்டி, இரண்டு பெரிய கட்டடங்களாக நிற்கிறது அந்த மருத்துவமனை. மேற்குக் கட்டடம் இதயத்துக்கு. கிழக்குக் கட்டடம் இதயம் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும். இரண்டையும் ஒரு நீண்ட நடைபாலம் இணைக்கிறது. மருத்துவமனைத் தலைவர் லட்சுமிகாந்தம், பருப்பும் எண்ணெய் வித்தும் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் வந்தவர். துவரையையும் உளுந்தையும் தனித்தனிக் கிடங்கில் வைத்தால்தான் கலப்படம் வராது என்ற அனுபவத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று, வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அவருடைய படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. படிக்கிறவர்கள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்து, ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அங்கே ‘மறுதுடிப்பு விழா’ நடக்கும். வீட்டில் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற அறிவுரைகளை வார்டில் சொல்வதில்லை. வார்டில் சொன்னால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மேடையில் சொன்னால் மைக் உண்டு, மாலை உண்டு, கேமரா உண்டு.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அந்த மேடையில் சோலைமலை உட்கார்ந்திருந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சிறிய பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். கழுத்தில் ரோஜா மாலை, தலையில் ‘நான் வென்றேன்’ என்று எழுதிய காகிதக் கிரீடம். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளைத்தாய், எதற்கென்று தெரியாமல் கையில் ஒரு குத்துவிளக்கு. முன்வரிசையில் தொழிற்சாலையின் முதலாளி பாண்டிச்செல்வம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த சோலைமலையைத் தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தவர் அவர். அப்பா காலத்திலிருந்து தொழிற்சாலையைத் தாங்குகிற மனிதர் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் அவருக்கு முந்தின நாள் தூக்கமே வரவில்லை.

இதயத் துறைத் தலைவர் டாக்டர் ராஜபாண்டியன் பேசினார்.

“எங்கள் துறைக்கு வந்த எந்த இதயமும் எங்கள் தவறால் நின்றதில்லை. நின்றிருந்தால், அது மற்ற உறுப்புகளின் ஒத்துழையாமையால் நின்றது. சோலைமலையின் இதயம் நல்ல இதயம். சொன்ன பேச்சைக் கேட்கும் இதயம். இப்படிப்பட்ட இதயத்தைக் கொண்டுவந்த அவரையும் இந்த நேரத்தில் பாராட்டுகிறேன்.”

கைதட்டல் எழுந்தது. “இப்போது டாக்டர் அவர்கள் நோயாளிக்கு அறிவுரை வழங்குவார்” என்று நிகழ்ச்சியை நடத்திய நோயாளி நல்லுறவு மேலாளர் ஹரிபிரசாத் அறிவித்தார்.

பாண்டிச்செல்வம் அதைத்தான் உச்சக்கட்டம் என்று நினைத்தார். பட்டாசு ஊர்களில் சந்தோஷத்துக்கு வெடிதான் அத்தாட்சி. பிள்ளை பாஸானாலும் வெடி, வழக்கு ஜெயித்தாலும் வெடி, போர்வெல்லில் தண்ணீர் வந்தாலும் வெடி. வெடிக்காத சந்தோஷத்தை யாரும் நம்புவதில்லை. அந்த சீசனுக்குப் புதிதாகப் போட்டிருந்த ‘இடிராஜா’ என்ற இருநூற்று நாற்பது ஷாட் பெட்டியை அவர் மருத்துவமனை முற்றத்தில் தயாராக வைத்திருந்தார். ஓடிப்போய்த் தன் கையாலேயே பற்றவைத்தார்.

டாக்டர் பேச்சை நிறுத்தவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய் அசைந்தது. ஒரு விரலை நீட்டினார், இரண்டாவது விரலை நீட்டினார், மூன்றாவது விரலை நீட்டி ‘கூடவே கூடாது’ என்பதுபோல ஆட்டினார். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கடைசி ஷாட் வானத்தில் சிதறி அடங்கியபோது, “இதை மறக்காமல் கடைப்பிடித்தால் நூறாண்டு வாழலாம்” என்ற வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“டாக்டர் என்ன சொன்னாக மொதலாளி?” என்று காரில் ஏறும்போது சோலைமலை கேட்டார்.

“நூறு வருசம் இருப்பீகன்னாருண்ணே.”

“அதச் சொல்லவா அம்புட்டு நேரம்?” என்றார் சோலைமலை. பிறகு, “வெடி ஒண்ணுகூடப் பிசகல, பாத்தீகளா? வரிசையாப் போச்சு” என்றார். அந்தப் பெட்டி அவர் மேற்பார்வையில் செய்தது.

*

சோலைமலை ஆடியில் வேலைக்குத் திரும்பினார். தீபாவளி சீசன் தொடங்கியிருந்தது. வடநாட்டு ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. லோடு லாரிகள் வாசலில் நின்றன. ஒவ்வொரு அறைக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய தொழிற்சாலையில் போர்மேனுக்கு நாள் முழுக்க நடைதான். அவருடைய முழங்கால் பழைய வலிக்காரன்.

அதற்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஏற்பாடு உண்டு. சீசன் சமயத்தில் சாயங்கால டீயோடு வலி மாத்திரை. பிஸ்கட் டப்பா ஒன்றில் நிறைய வாங்கி வைத்திருப்பார்கள். கணக்குப்பிள்ளை முனியராஜ் டப்பாவோடு அறை அறையாகப் போவார். இடுப்பு வலிக்காரர்களும் முட்டு வலிக்காரர்களும் கை நீட்டுவார்கள். யாரும் அதை மருந்தாக நினைத்ததில்லை. டீக்கு வடை மாதிரி, டீக்கு மாத்திரை. போர்மேனுக்கு மட்டும் மரியாதைக்காக முதலாளியே கொடுப்பார்.

“நடக்க முடியலண்ணே உங்களால. ரெண்டாப் போடுங்க” என்று ஒரு நாள் பாண்டிச்செல்வம் சொன்னார். அன்போடுதான் சொன்னார். மறுநாள் காலையில் ஏற்ற வேண்டிய லோடையும் அவர் அப்போது நினைத்தார் என்பது உண்மை. பின்னால், எது முதலில் நினைவுக்கு வந்தது என்று அவர் தன்னைத்தானே பல தடவை கேட்டுக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க டாக்டர்கள் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். சோலைமலை அவற்றைத் தவறாமல் விழுங்கினார். நல்ல நோயாளி. கூடவே டீ மாத்திரை.

கொஞ்ச நாளில் அவருக்கு மலம் கறுப்பாகப் போக ஆரம்பித்தது, தார் மாதிரி. வேறு ஊராக இருந்திருந்தால் பயந்திருப்பார்கள். பட்டாசுக்காரர்களுக்குக் கறுப்பு புதிதல்ல. துப்பினால் கறுப்பு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு, அலுமினியப் பொடி அறையில் நின்ற நாளில் வெள்ளி நிறம்.

“கரிமருந்துக்குள்ள நிக்கிறவனுக்கு வெள்ளையாவா போகும்?” என்று சோலைமலை வெள்ளைத்தாயிடம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்து, முகம் வெளுத்துப் போயிருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னாள். அவளும் அங்கேதான் பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

“வெயில்ல நிக்காதீகண்ணே, நெழல்ல நில்லுங்க” என்று பாண்டிச்செல்வம் அறிவுரை வழங்கினார்.

மூன்றாம் நாள், நிழலில் நின்றுகொண்டிருந்த சோலைமலை சுவரோடு வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. மறுபடியும் அதே கார், அதே சாலை, அதே மருத்துவமனை.

*

மேற்குக் கட்டடத்தில் அவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. இதயத்தைப் படம் எடுத்தார்கள், வரைபடம் எடுத்தார்கள், ஸ்டென்ட்டைப் பார்த்தார்கள். டாக்டர் ராஜபாண்டியன் முகமெல்லாம் மலர்ச்சியோடு வெளியே வந்தார்.

“அருமையா இருக்கு. ஸ்டென்ட் திறந்திருக்கு. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு.”

“எம்புட்டுக் கொறைவு சார்?”

“பாதிக்கு மேல காணோம். வயிற்றுக்குள்ள எங்கயோ கசியுது. ஆனா இருக்கிற ரத்தத்தை இதயம் ரொம்ப நல்லா அனுப்புது.”

அந்த இடத்தில்தான் பாண்டிச்செல்வத்துக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் மெல்லச் சொன்னார்.

“சார், நான் அவருக்கு முட்டு வலிக்கு மாத்திரை குடுத்தேன். தெனமும். அதனால இருக்குமா?”

பயிற்சி டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க டாக்டரா?”

“இல்ல சார். பட்டாசு.”

“அப்புறம் எப்படிக் குடுத்தீங்க?”

“டீயோட.”

பயிற்சி டாக்டர் இதை ராஜபாண்டியனிடம் கொண்டுபோனார். ராஜபாண்டியன் கண்ணை மூடி யோசித்தார். “இதய மாத்திரையோட அதைச் சேர்த்தா வயிறு புண்ணாகும். ரத்தம் நிக்காது. ஆனா வயிறு புண்ணாகிறது வயிற்றோட விஷயம். கிழக்கே சொல்லுங்க” என்றார். முகத்தில் கோபமில்லை, முகவரி தவறி வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவரின் நிதானம் மட்டும் இருந்தது.

ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டே சோலைமலையை டிராலியில் வைத்து நடைபாலத்தின் வழியாகத் தள்ளினார்கள். தள்ளியவர் பெயர் அய்யாதுரை. பாலத்தின் நடுவே தரையில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருந்தது. அய்யாதுரை அந்த இடத்தில் பிரேக் போட்டார்.

“ஏன் நிறுத்திட்டீக?”

“இதுக்கு அங்கிட்டு கிழக்கு சார். நான் மேக்கு.”

கிழக்கிலிருந்து வயிற்றுத் துறை டாக்டர் அனுப்பிரியா பட்டை வரை வந்தார். நல்ல டாக்டர் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த மருத்துவமனையில் அதற்குமேல் வேறெங்கும் தெரிய வழியில்லை. சோலைமலையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

“உடனே குழாய் விட்டுப் பார்க்கணும். ரத்தம் கசியற இடத்தை அடைக்கணும். ஆனா மாரடைப்பு வந்தவர். இதயம் தாங்கும்னு மேற்கேயிருந்து ஒரு சம்மதம் வேணும். அது இல்லாம நான் தொட்டா, வேலையில இருக்க மாட்டேன்.”

அய்யாதுரை மேற்கே போய்த் திரும்பினார். “மேக்குல சேந்திருக்கிற நோயாளிக்குத்தான் சம்மதம் எழுதுவாகளாம்.”

“அப்படின்னா மேற்கே சேர்க்கச் சொல்லுங்க.”

மறுபடியும் போய்த் திரும்பினார். “இதயம் நல்லா இருக்கிறவரச் சேக்க விதி இல்லையாம்.”

அனுப்பிரியா போனில் ராஜபாண்டியனைப் பிடித்தார். ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்டது.

“சார், இரண்டு ரத்த மாத்திரை எழுதினீங்க. வயிறு புண்ணாகாம இருக்க ஒரு மாத்திரை சேர்த்து எழுதலையா? … புரியுது சார், வயிறு எங்க துறைதான். … இல்ல சார், எல்லை மீறினதா நாங்க நினைச்சிருக்க மாட்டோம்.”

பாண்டிச்செல்வத்துக்கு அது காதில் விழுந்தது. ஒரு கணம் நெஞ்சு லேசானது. தப்பு என்மேல் மட்டும் இல்லை. அடுத்த கணம் டிராலியைப் பார்த்தார். சோலைமலையின் கால் கட்டைவிரல் காகித நிறத்தில் இருந்தது. லேசான நெஞ்சு மறுபடி இறங்கி உட்கார்ந்தது.

“அம்மா,” என்று அனுப்பிரியாவிடம் சொன்னார், “நான் முட்டு வலி மாத்திரை குடுத்தேம்மா. என் கையாலதான்.”

அனுப்பிரியா பதில் சொல்வதற்குள் அவர் கூட வந்த உதவியாளர் சொன்னார்: “முட்டின்னா எலும்புத் துறை. எலும்பு டாக்டர் புதன்கிழமைதான் வருவார்.”

வெள்ளைத்தாய் அதுவரை கணவனின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். “ஏய்யா, மனுசன் ஒரே ஆளாத்தான இருக்காரு? நீங்க எத்தன பேராப் பங்கு வச்சிருக்கீக?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லும் துறை அங்கே இல்லை.

பேச்சு எவ்வளவு நேரம் நீண்டதோ, அவ்வளவு நேரமும் டிராலியின் முன்சக்கரங்கள் கிழக்கிலும் பின்சக்கரங்கள் மேற்கிலும் நின்றன. “தல எங்கிட்டு இருக்கணும்னு மட்டும் சொல்லிட்டா நான் திருப்பிருவேன்” என்றார் அய்யாதுரை.

அதற்குள் சோலைமலையே முடிவு செய்தார். திடீரென்று ஒருக்களித்து, டிராலிக்கு வெளியே தலையை நீட்டி, ரத்தமாக வாந்தி எடுத்தார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரத்தம் பித்தளைப் பட்டைக்குக் கிழக்கே விழுந்திருந்தது.

“கிழக்கு!” என்றார் அனுப்பிரியா. அவர் குரலில் இருந்ததை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். “கிழக்குல விழுந்தா எங்களோடது. யார் சம்மதமும் வேண்டாம். தள்ளுங்க!” அய்யாதுரை தள்ளவில்லை, அவர் மேற்கு. அனுப்பிரியாவும் பாண்டிச்செல்வமும் சேர்ந்து தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைத்தாய் ரத்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே ஓடினாள்.

*

வயிற்றுக்குள் புண் இருந்தது. குழாய் விட்டு, புண்ணில் ரத்தம் வடிந்த நாளத்துக்குக் கிளிப் போட்டு நிறுத்தினார்கள். நிறைய ரத்தம் ஏற்றினார்கள். சோலைமலை பிழைத்துவிட்டார் என்று அனுப்பிரியா சொன்னார். விழா நடக்காததால் அது இன்னும் அதிகாரபூர்வமாகவில்லை.

அன்று பிற்பகல் பாண்டிச்செல்வத்துக்கு அழைப்பு வந்தது. இரண்டு டாக்டர்களிடம் சொல்லியும் யாரும் காதில் வாங்காத அவருடைய குற்றம், கடைசியில் கேட்க வேண்டியவர்களின் காதுக்குப் போயிருந்தது. நல்லுறவு மேலாளர் ஹரிபிரசாத் குளிர்ந்த அறையில் உட்காரவைத்து, பில்டர் காபி கொடுத்து, முந்திரி பக்கோடாத் தட்டை நகர்த்தினார். அத்தனை மரியாதை அந்தக் கட்டடத்தில் அவருக்கு முன்னே கிடைத்ததில்லை.

“நீங்க ஒரு விஷயம் சொல்லிட்டிருந்தீங்களாமே சார்?”

“ஆமா சார். முட்டு வலி மாத்திரை…”

“நிதானமாச் சொல்லுங்க சார். கேமராவைப் பார்த்துச் சொன்னா இன்னும் நல்லது.”

பாண்டிச்செல்வம் கேமராவைப் பார்த்துச் சொன்னார். எப்போது, எத்தனை, எதற்கு, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல ஹரிபிரசாத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நடுவில் இரண்டு தடவை “ரொம்ப நன்றி சார்” என்றார்.

“இத மொதல்லயே உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டேன்.”

“அவங்க எல்லாம் சிகிச்சை தர்றவங்க சார். இந்த மாதிரி விஷயத்தை எங்ககிட்டதான் சொல்லணும்.”

“ஆனா சார், மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே?”

ஹரிபிரசாத் வருத்தத்தோடு புன்னகைத்தார். மேசையிலிருந்த திரையைத் திருப்பினார். மறுதுடிப்பு விழா. மாலையும் கிரீடமுமாகச் சோலைமலை. மைக்கின் முன்னால் ராஜபாண்டியன். பிறகு இடி. திரை முழுக்க இடி. டாக்டரின் வாய் அசைந்தது. மூன்றாவது விரல் ‘கூடவே கூடாது’ என்று ஆடியது. ஓரத்தில், புகைக்கு நடுவே, கையில் ஊதுவத்தியோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் பாண்டிச்செல்வம்.

“அந்த மூணாவது விரல்தான் சார் வலி மாத்திரை” என்றார் ஹரிபிரசாத். “அறிவுரை முறைப்படி வழங்கப்பட்டிருக்கு. சத்தம் உங்களுடையது.”

பாண்டிச்செல்வத்துக்கு வாதாட வார்த்தைகள் இருந்தன. வயிற்றுக்கு ஒரு மாத்திரை நீங்கள் எழுதியிருக்க வேண்டும், சத்தம் அடங்கியபின் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், வார்டில் ஒரு நர்ஸ் சொல்லியிருக்கலாம். ஒன்றும் வெளியே வரவில்லை. ஏனென்றால் ஹரிபிரசாத் சொன்ன அதே நியாயத்தை அவர் எங்கேயோ கேட்டிருந்தார். எங்கே என்று உடனே தெரிந்தது. அது அவரே சொன்னதுதான்.

அவருடைய தொழிற்சாலையில் தினமும் காலை பாதுகாப்பு அறிவுரை ஒலிபெருக்கியில் வரும். பதிவுசெய்து வைத்த குரல். வேன்கள் வந்து நின்று, பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிற அதே நேரத்தில் வரும். போன வருடம் கற்பகவல்லி என்ற பெண்ணுக்குக் கை வெந்தபோது விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவர் சொன்னார்: “தெனமும் மைக்குல சொல்லுதோம் சார். கேக்காதது அவுக தப்பு.” அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். கற்பகவல்லி இப்போது இடது கையால் பெட்டி ஒட்டுகிறாள்.

“பக்கோடா எடுத்துக்குங்க சார்” என்றார் ஹரிபிரசாத்.

“சோலைமலைண்ணன்கிட்டயாவது சொல்லியாச்சா, இனிமே அந்த மாத்திரை ஆகாதுன்னு?”

“விழாவுல சொல்லுவோம் சார்.”

“நானே போய்ச் சொல்லிரட்டுமா?”

“வார்டுல நோயாளிக்கு மனவருத்தம் தர்ற எதையும் சொல்லக் கூடாது. விதி.”

பாண்டிச்செல்வம் அந்த விதிக்கு மனசுக்குள் நன்றி சொன்னார். படியிறங்கி வரும்போதே அதற்காகக் கூசினார். கூசியபடியே வீட்டுக்கும் போனார்.

*

இரண்டாவது விழாவுக்கு ‘இருதுறை ஒற்றுமை விழா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு கட்டடங்களும் முதல் தடவையாக ஒரே நோயாளியைக் காப்பாற்றியதைக் கொண்டாட வேண்டும் என்று தலைவர் விரும்பினார். ஹரிபிரசாத் முன்கூட்டியே போன் செய்து, போன தடவை வெடித்த அதே அயிட்டம் வேண்டும், வீடியோவில் தொடர்ச்சி இருக்கும் என்று கேட்டிருந்தார். பாண்டிச்செல்வத்தால் மறுக்க முடியவில்லை. “எல்லாம் முடிஞ்ச பொறவு வெடிங்க சார், கடைசியா வெடிங்க” என்று மட்டும் கெஞ்சினார்.

லட்சுமிகாந்தம் பேசினார். “பத்து வருடமாக இந்த இரண்டு துறைகளையும் ஒன்றாக உட்காரவைக்க நான் பாடுபட்டேன். முடியவில்லை. சோலைமலை தன் ரத்தத்தைச் சிந்திச் சேர்த்துவைத்திருக்கிறார். இது அவருடைய மருத்துவமனை. எப்போது வேண்டுமானாலும் அவர் இப்படி வரலாம்.”

ராஜபாண்டியன் பேசினார். “வயிறு கைவிட்ட நேரத்திலும் இதயம் ஒரு துடிப்பைக்கூடத் தவறவிடவில்லை. எது நம்பகமான துறை என்பதை நோயாளிகளின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.”

அனுப்பிரியாவுக்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. அவர் மேடையின் ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வார்டிலிருந்து ஆள் வர, இறங்கிப் போய்விட்டார்.

“இந்த முறை அறிவுரையை நோயாளியின் முதலாளி அவர்களே வழங்குவார்” என்று ஹரிபிரசாத் அறிவித்தார். பாண்டிச்செல்வத்தின் காதோரம் குனிந்து, “நீங்க சொன்னாதான் சார் அவர் கேட்பார். எங்களுக்கும் பொறுப்பு குறையும்” என்றார்.

பாண்டிச்செல்வம் மைக்கைப் பிடித்தார். சோலைமலை இளைத்துப்போய், கிரீடம் நெற்றிக்குக் கீழே சரிய, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாய், மறுபடியும் குத்துவிளக்கோடு.

“சோலைமலைண்ணே,” என்றார் பாண்டிச்செல்வம். “உங்களுக்கு இது வந்தது என்னாலதான்…”

முற்றத்தில் இடிராஜா கிளம்பியது.

அவர் நிறுத்தச் சொல்லி முற்றத்தின் பக்கம் கையைக் காட்டினார். ஹரிபிரசாத், கேமராவைக் காட்டிப் பேச்சைத் தொடரும்படி சைகை செய்தார். பாண்டிச்செல்வம் தொடர்ந்தார். டப்பாவைப் பற்றிச் சொன்னார். லோடைப் பற்றிச் சொன்னார். ரெண்டாப் போடுங்க என்றதைச் சொன்னார். இனிமேல் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள் என்றார். மன்னிப்பும் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அடங்கியபின் முதலிலிருந்து தொடங்கலாம் என்ற எண்ணம் நடுவே வந்தது. இந்தச் சத்தத்துக்குள் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்தது. கடைசி ஷாட் அடங்கியபோது அவர் மைக்கைக் கொடுத்துவிட்டிருந்தார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

*

கார் சாத்தூரைத் தாண்டியது. வெள்ளைத்தாய் பின்சீட்டில் மாலையை மடியில் வைத்துப் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“மைக்குல என்ன மொதலாளி சொன்னீக?” என்று சோலைமலை கேட்டார். “ஒண்ணும் கேக்கல.”

“உடம்பப் பாத்துக்கிடச் சொன்னேண்ணே.”

“நல்லது.” சோலைமலை காலை நீட்டி முழங்காலைத் தேய்த்தார். “மேடையில நிக்கவச்சு நிக்கவச்சு முட்டு கழண்டு போச்சு. வண்டியிலயும் ஒரு அட்டை வச்சிருப்பீகளே? அந்த மாத்திரை ஒண்ணு குடுங்க. இம்புட்டு நாளா அது இல்லாம உயிரே போயிருச்சு.”

அவரே டாஷ்போர்டைத் திறந்தார். அட்டை முன்னாலேயே இருந்தது. ஒன்றை அமுக்கி உள்ளங்கையில் எடுத்துவிட்டார். பின்பக்கம் திரும்பி, “தண்ணி எடுளா” என்றார்.

பாண்டிச்செல்வம் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடிகளை ஏற்றினார். இன்ஜினை அணைத்தார். கை நீட்டி, சோலைமலையின் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

“அங்கன சொன்னது அது இல்லண்ணே” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மேடையில் சொன்ன வரிசையிலேயே சொன்னார். ஆனால் இங்கே ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதிலேயே விழுந்தது. அதனால் பலமுறை நிறுத்த வேண்டியிருந்தது. ‘ரெண்டாப் போடுங்க’ வந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார்.

சோலைமலை முன்னால் நீண்டுகிடந்த சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

“இத முந்தியே ஏன் சொல்லல?”

“இன்னைக்குச் சொன்னேண்ணே, மைக்குல. வெடி போட்டுட்டாக.”

“எந்தக் கம்பெனி வெடி?” என்று பின்சீட்டிலிருந்து வெள்ளைத்தாய் கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

“நம்ம வெடிதான்” என்றார் பாண்டிச்செல்வம்.

சோலைமலை வெளியே வெயிலைப் பார்த்தார். நிழல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல இருந்தது.

“எனக்கு மட்டும்தானா?” என்றார். “அங்க கை நீட்டுறவளுகள்ல பாதிப் பேரு சக்கர நோய்க்காரி, ரத்தக் கொதிப்புக்காரி. எவ என்ன மாத்திரை திங்கிறான்னு யாருக்குத் தெரியும்?”

டப்பாவை எடுக்க வேண்டாம் என்று சொல்ல, பாண்டிச்செல்வம் கணக்குப்பிள்ளை முனியராஜுக்குப் போன் போட்டார். மணி அடித்து, அடித்து, நின்றது. தொழிற்சாலை வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தவர் அவர்தான். அது ஒன்றை மட்டும் அங்கே எல்லோரும் ஒழுங்காகப் படித்துக் கடைப்பிடித்தார்கள்.

“வண்டிய எடுங்க” என்றார் சோலைமலை. “டீ நேரம் ஆகப்போகுது.”